அருவிக்கு ஒரு நாள் பைக் பயணம்: 30 பயனுள்ள குறிப்புகள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, நண்பரோடு பைக்கில் போய் அன்றே திரும்பத் தோதான இடம். சேலம், ஈரோடு, கரூர், திருச்சிக்காரர்கள் விடியற்காலையில் கிளம்பினால் ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ஆனால் இந்த மலையில் சிரமமெல்லாம் திரும்பும்போதுதான் காத்திருக்கும். அருவிக்குப் போகும்போது படி இறங்குகிறோம். குளித்துக் களைத்த பிறகு அத்தனை படியும் ஏற வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை இன்ஜின் ஏற்றிவிடும்; இறங்கும்போது இரண்டு பேர் பாரத்தையும் பிரேக் தாங்க வேண்டும். அதனால் நேரம், பெட்ரோல், உடம்பின் தெம்பு எல்லாவற்றையும் திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை குற்றாலம், ஒகேனக்கல் போன்ற இடங்களுக்கும் பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்

1. நாள் பார்த்துப் போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வரும் டிசம்பர் கடைசி, ஜனவரி நாட்களில் அருவியில் தண்ணீரும் இருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் மெலிந்துவிடும். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்து வருவதால் மலையில் கூட்டம் நெரியும். விழா பார்க்கப் போகிறவர்களுக்குச் சரி. நிம்மதியாகக் குளிக்க நினைப்பவர்கள் வேறு வாரத்தில் வார நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

2. கடிகாரத்தைப் பின்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே, மாலை 5.30 மணிக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும். அப்படியானால் 4 மணிக்கு மலைமேல் உள்ள செம்மேட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 3 மணிக்குள் படியேறி முடித்திருக்க வேண்டும். 11 மணிக்காவது படி இறங்கத் தொடங்க வேண்டும். அதற்குக் காலை 8.30 மணி வாக்கில் காரவள்ளியில் இருக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது இப்போது தானாகவே தெரிந்துவிடும்.

3. பிரேக்கை முதலில் பாருங்கள். டிரம் பிரேக் என்றால் பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டிஸ்க் என்றால் பேடையும் ஆயில் அளவையும் பாருங்கள். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத குறை மலை இறக்கத்தில் தெரிந்துவிடும். புது ஷூ போட்டால் பயணத்துக்கு முன் இரண்டு மூன்று நாளாவது ஊருக்குள் ஓட்டிப் பழக்குங்கள். அப்போதுதான் பிடிப்பு சரியாக வரும்.

4. டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மலைச் சாலையின் ஈரத்தில் அந்த டயர் வழுக்கும். பக்கச் சுவரில் வெடிப்போ புடைப்போ இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

5. காற்று அடிக்கும்போது, ‘ரெண்டு பேர் போறோம்’ என்று சொல்லி அடியுங்கள். பின்சக்கரத்துக்குத் தனி ஆளுக்கு ஓர் அளவு, இருவருக்கு ஓர் அளவு என இரண்டு உண்டு. செயின் கவரிலோ பின்சக்கரத்துக்குப் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டும் இருக்கும். டயர் சூடேறினால் அளவு கூடிக் காட்டும். அதனால் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்திலேயே அடித்துவிடுவது நல்லது.

6. செயின் தொங்கினாலும் கெடுதல், முறுக்கேறி இருந்தாலும் கெடுதல். நண்பர் ஏறி உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும் என்பதை மெக்கானிக்கிடம் சொல்லி இளக்கம் வைக்கச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிளின் நுனியில் இழை பிரிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வளைவில் முதல் கியரில் ஏறும்போது அது அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

7. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றி வையுங்கள். மலையில் சிக்னல் போய்வரும், அதனால் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும். வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் நண்பரின் லைசென்ஸ் கியர் வண்டிக்கும் செல்லுமா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்டக்கூடாது.

8. வண்டிச் சாவியின் மாற்றுச் சாவியை நண்பரிடம் கொடுத்து வையுங்கள். அருவியில் தொலையும் பொருட்களில் சாவியும் ஒன்று. எழுபது வளைவுக்கு மேலே, மாற்றுச் சாவியை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்ததை நினைத்துப் பயனில்லை.

9. பெட்ரோலை அடிவாரத்துக்கு முன்பே, சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் நிரப்பிவிடுங்கள். ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே இருவரைச் சுமந்து போகும் வண்டி, சமவெளியில் தரும் மைலேஜைத் தராது.

மூட்டை கட்டும்போது

10. மாற்றுத் துணியைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதன்பின் தோள்பையில் வையுங்கள். ஈரத் துணிக்கு இன்னொரு காலிப் பை வேண்டும். மழைக்கோட்டை மட்டும் அடியில் போடாமல் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். தூறல் விழுந்த பிறகு சாலையோரம் நின்று பையைக் கவிழ்த்தால் மாற்றுத் துணியும் நனைந்துவிடும்.

11. பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டிக்கொள்ளுங்கள். செல்போன் கவர், தண்ணீர் பாட்டில் மூடி, மடித்த துண்டு எல்லாவற்றையும் இறுக்க உதவும். ஒரு நீளத் துண்டு இருந்தால் சீட்டின் பின்னால் பையைக் கட்டலாம். கட்டிய பிறகு நுனி எதுவும் சக்கரத்துப் பக்கம் தொங்காமல் செருகிவிடுங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு, மழைக்கோட்டு நாடா எதுவானாலும் இதே கவனம் வேண்டும்.

12. கட்டுச்சோறு என்றால் புளியோதரைக்கு இணை இல்லை. சோற்றை நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, பிறகு புளிக்காய்ச்சல் கலந்து, வாட்டிய வாழை இலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெடும். தயிர்சாதம் வேண்டுவோர் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து எடுத்துப் போங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல், பதமாகத் தோய்ந்திருக்கும்.

13. ஹெல்மெட் கண்ணாடி மழையிலும் பனியிலும் உள்பக்கம் புகைபடியும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டை உள்பக்கம் மெல்லத் தடவி, உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். பல மணி நேரத்துக்குப் புகை படியாது.

14. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் பின்சீட்டில் செல்போன் பார்க்காமல், முன்னே உள்ள சாலையைப் பார்த்து வரட்டும். இஞ்சி மரப்பாவோ எலுமிச்சம்பழமோ கையில் இருக்கட்டும். ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிடும் பரோட்டாவை வீடு திரும்பும் வழிக்கு ஒத்திவையுங்கள்.

15. சில்லறை நோட்டுகளாக ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் க்யூ.ஆர். அட்டை பயன்படாது. பணத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஒருவர், சாப்பாடு ஒருவர் என்று முதலிலேயே பேசிவிட்டால் வழியில் கணக்குப் பேச்சே வராது.

சாலையில்

16. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வேண்டும். தாடைப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். நண்பருக்காக இரவல் வாங்கும் ஹெல்மெட்டை முதல் நாளே போட்டுப் பாருங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது.

17. காற்றிலும் ஹெல்மெட்டிலும் பேச்சு கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் ‘மெதுவாகப் போ’, இரண்டு தட்டு என்றால் ‘நிறுத்து’ என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வழி பார்த்துச் சொல்வது பின்னால் இருப்பவர் வேலை. மலைப்பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

18. பின்னால் இருப்பவர் வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவருக்கு வண்டி கட்டுக்குள் வராது. ஓட்டுபவரின் உள்பக்கத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தால் போதும், உடம்பு தானாகச் சரியான பக்கம் சாயும். ஏற்றத்தில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள், முன்சக்கரம் லேசாகாது.

19. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ இறக்கி, ஹாரன் அடித்து, இடப்பக்கத்திலேயே திரும்புங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். பஸ்ஸோ லாரியோ திரும்ப முழுச் சாலையும் வேண்டும். அதன் ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே ஓரமாக நின்று வழிவிடுங்கள். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

20. மணிக்கு ஒருமுறையாவது இறங்கிக் கை கால் நீட்டுங்கள், ஓட்டுபவரை மாற்றுங்கள். இருவரில் மலைச் சாலை பழகியவர் யாரோ அவருக்கு இறக்கத்தை ஒதுக்குங்கள். பழகாதவர் சமவெளியில் ஓட்டட்டும்.

21. வளைவு முனைகளில் மழைநீர் இழுத்து வந்த மண், ஈரச் சருகு, சிந்திய டீசல், சாலையில் பூசிய வெள்ளைக்கோடு எல்லாமே வழுக்கும். அவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். வேகத்தை முன்பே குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள்.

அருவியில்

22. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. கீழே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. இறங்கும்போதே முழங்கால் நடுங்கத் தொடங்கினால், ஏறும்போது இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியேற ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும்; இறங்கும்போதே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். மூட்டுவலி, இதய நோய் உள்ளவர்கள் மாசிலா அருவி போன்ற எளிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

23. வண்டியை நிறுத்தும் இடத்திலேயே, கடைசியாக எத்தனை மணிக்குப் படி இறங்க விடுவார்கள், இன்று அருவிக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். நீர்வரத்து மிகுந்தால் வனத்துறை பாதையை மூடிவிடும். அப்படி மூடியிருந்தால் வேறு குறுக்குவழி காட்டுவதாகச் சொல்கிறவர் பின்னால் போக வேண்டாம்.

24. நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே குளியுங்கள். தெளிந்த நீர் செம்மண் நிறமாக மாறினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் திடீரெனக் கூடினாலும் மேலே எங்கோ பலத்த மழை என்று பொருள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். துண்டையும் செருப்பையும் தேடாமல் உடனே கரையேறி, மேட்டுப் பக்கம் நகருங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது, அவர் உயிரிழந்தார்.

25. நீர் நேராக விழும் நடுப்பகுதியில் தலையைக் கொடுக்காதீர்கள். மேலிருந்து கல்லும் கிளையும் சேர்ந்து விழக்கூடும். ஓரச் சாரலே போதுமான குளியல். பாசி பிடித்த பாறையில் ஈரச் செருப்போடு நடப்பதைவிட, உட்கார்ந்து நகர்வது மேல். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கரையில் பையோடு இருங்கள். பொருளும் பத்திரம், ஆளும் பத்திரம். சோப்பு, ஷாம்பு பாக்கெட்டுகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இந்த நீர்தான் கீழே உள்ளவர்களுக்குக் குடிநீரும் பாசனமும்.

26. குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், சரசரக்கும் பையையும் கையில் தொங்கவிடாதீர்கள். பையைப் பிடுங்கினால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள்; கடித்தால் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறினால் பிய்த்து இழுக்காமல், அது ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை வைத்துத் தோலோடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசிந்து நிற்கும், பயம் வேண்டாம்.

27. மது பாட்டிலோடு மலையேறாதீர்கள். குளிரில் குடித்தால் உடம்பு சூடாவதாகத் தோன்றும். உண்மையில் உடம்பின் வெப்பம் குறையும், பாறையில் கால் தடுமாறும். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. குடிக்காத நண்பர் ஓட்டினாலும், பின்சீட்டில் தள்ளாடும் ஆளை வைத்துக்கொண்டு வளைவு திரும்ப முடியாது.

இறங்கும்போது

28. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைப்பதும், நியூட்ரலில் உருட்டுவதும், கிளட்சைப் பிடித்தபடி இறங்குவதும் ஆபத்து. காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காமல், அழுத்தி வேகம் குறைத்து விட்டு, மறுபடி அழுத்துங்கள். முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஸ்கூட்டரில் இன்ஜின் இழுவை குறைவு, அதனால் வேகத்தை இன்னும் குறைத்து, அடிக்கடி நின்று இறங்க வேண்டும்.

29. பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி, உள்ளங்கையைப் பிரேக்கின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள்; தொட வேண்டாம். அனல் கையில் அடிப்பதுபோல் இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பிடி தொளதொளத்துப் போனாலோ பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. பதினைந்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆற வேண்டும் என்று தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துபோகும், டிரம்மில் கீறல் விழும். இந்த இடைவேளையில், மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய அன்னாசியும் மிளகும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். பனி இறங்கிவிட்டால் ஹெட்லைட்டைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூச வைக்கும்.

30. வீடு வந்ததும் ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள். இரவில் ஒருமுறை மாற்றினால் விடிவதற்குள் ஈரம் உறிஞ்சிவிடும். ஹெல்மெட்டின் உள்துணியை நிழலில் காயவிடுங்கள். மறுநாள் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, பிரேக்கை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மலை இறங்கிய பிரேக் ஷூ, அடுத்த பயணம் வரை தாங்குமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

அவசர உதவிக்கு 108, 112 எண்களை இருவரும் நினைவில் வைத்திருங்கள். போகும் வழி, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பார்க்க வேண்டியது மீதி இருந்தாலும் 4 மணி ஆனதும் மலையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வரும் ஞாயிறு போவதாக இருந்தால் பிரேக், டயர் வேலையை வியாழக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். சனிக்கிழமை இரவில் திறந்திருக்கும் மெக்கானிக் கடையைத் தேடுவது எளிதல்ல.